சுங்குடி முடிச்சும் கட்டைவிரலின் அடிமூட்டும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையில் மகால் பக்கத்துத் தெருக்களில் சுங்குடிப் புடவைக்குக் கையால் முடிச்சு கட்டும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அச்சுச் சுங்குடி வந்த பிறகு இந்த வேலை குறைந்துவிட்டது. ஆனாலும் கட்டுச் சுங்குடிதான் வேண்டும் என்று தேடி வருபவர்கள் இருப்பதால், கடைக்காரர்கள் துணியை வீட்டுக்கே கொடுத்து அனுப்புகிறார்கள். துணியில் ஒரு பொட்டு இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, அதன் கழுத்தில் நூலை இறுக்கிச் சுற்றிவிட்டு அடுத்த புள்ளிக்குப் போவார்கள். சாயத்தில் முக்கி, காயவைத்து, முடிச்சை அவிழ்த்தால் நூல் இருந்த இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி நிற்கும். ஒரு புடவைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள். கூலி புடவைக் கணக்கில்.

இந்தப் பதிவில் வரும் அம்மாவுக்கு வயது 58. பள்ளிக்கூடம் போன காலத்திலேயே தாயிடம் முடிச்சு கற்றவர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கிறார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். வீட்டுச் சமையல் பெரும்பாலும் இவர் பொறுப்பு. எங்கள் பிசியோதெரபி நிலையத்துக்கு வந்தபோது இடது கட்டைவிரலின் அடியில் ஒன்றரை ஆண்டாக வலி. அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

வருவதற்கு முன் பலதும் செய்து பார்த்திருந்தார். முதலில் தைலம் போட்டு நீவிவிட்டார்கள். பிறகு மணிக்கட்டுக்குப் போடும் எலாஸ்டிக் பட்டை. அது கட்டைவிரலின் அடியைத் தொடவே இல்லை. “நரம்பு வீக்” என்று யாரோ சொல்ல, சத்து மாத்திரை. கடைசியாக, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையைப் பல மாதங்களாக வேலை நாட்களில் விழுங்கிக்கொண்டிருந்தார். வயிற்றெரிச்சல் வந்ததும் அதற்கு இன்னொரு மாத்திரை சேர்ந்தது.

முதல் நாள் பார்த்தது

“எங்கே வலிக்கிறது?” என்றால் பலர் கையை மொத்தமாகத் தடவிக் காட்டுவார்கள். இவர் ஒற்றை விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் குழிக்குச் சற்று மேலே, புறங்கைப் பக்கம். அந்த இடம் வலது கையைவிட இடது கையில் லேசாகப் புடைத்திருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுருங்கியிருந்தது. தண்ணீர் டம்ளரைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னபோது, வலது கை முழுதாக வளைத்தது. இடது கை விளிம்பைத்தான் பற்றியது.

கட்டைவிரலின் அடி எலும்பைப் பிடித்து மணிக்கட்டை நோக்கி மெல்ல அழுத்திச் சுழற்றினேன். உள்ளே மணல் நெரிவது போன்ற உணர்வு என் விரலுக்கும் தெரிந்தது, அவருக்கு வலியும் வந்தது. அடிமூட்டைச் சந்தேகிக்க இந்தச் சோதனை நல்ல காரணம் தரும். ஆனால் அதே இடத்தைச் சுற்றி வலி தரும் வேறு சிலவும் உண்டு. அவற்றைத் தள்ளாமல் முடிவுக்கு வரக் கூடாது.

கட்டைவிரலை உள்ளே மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். தசைநாண் உறை வீங்கியிருந்தால் இதில் துடித்துப்போவார்கள். இவருக்கு லேசான இழுப்பு, அவ்வளவுதான். விரல் மரத்துப்போவதோ, இரவில் கை உதறி எழுவதோ இல்லை. அதனால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதற்கான அறிகுறி தெரியவில்லை. காலையில் விரல் பிடிப்பு பத்து நிமிடத்துக்குள் விட்டுவிடுகிறது; மற்ற விரல் மூட்டுகளில் வீக்கம் இல்லை. முடக்குவாதமாக இருந்தால் பிடிப்பு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடிப்பதும், இரண்டு கைகளிலும் பல மூட்டுகள் வீங்குவதும்தான் வழக்கம். சர்க்கரை நோயாளிகளுக்கு விரல்கள் விறைத்து, உள்ளங்கைகளை ஒட்ட முடியாமல் போவதுண்டு. கும்பிடச் சொன்னேன். இரண்டு உள்ளங்கைகளும் விரல்களும் இடைவெளி இல்லாமல் ஒட்டின.

எலும்பு மருத்துவர் இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் பார்த்தார். இரத்தத்தில் முடக்குவாதத்துக்கான தடயம் இல்லை. சாதாரணக் கை எக்ஸ்ரேயில் கட்டைவிரலின் அடிமூட்டு பக்கத்து எலும்புகளின் நிழலில் மறைந்துபோகும். அதனால் கையை நன்றாக உள்பக்கம் திருப்பி, கட்டைவிரலின் முதுகு தட்டில் படும்படி வைத்து எடுத்தார்கள். மூட்டு இடைவெளி குறுகியிருந்தது. ஓரத்தில் 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக எலும்பு முளை. கை அறுவைச் சிகிச்சை மருத்துவர்களான ஈட்டன், லிட்லர் இருவரும் 1973இல் வகுத்த நான்கு நிலைகளில் இது இரண்டாவது. தேய்மானம் இருக்கிறது, ஆனால் மூட்டு அழிந்துவிடவில்லை.

இந்த மூட்டு எப்படி அமைந்திருக்கிறது

இங்கே கொஞ்சம் நின்று மூட்டைப் பார்க்க வேண்டும். அதன் அமைப்பு புரியாமல் பின்னால் எடுத்த முடிவுகள் புரியாது.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். அவற்றில் கட்டைவிரல் பக்கம் இருப்பது ட்ரபீசியம். மற்றவற்றின் வரிசையை விட்டு அது உள்ளங்கைப் பக்கமாகச் சாய்ந்து நிற்பதால்தான் கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களையும் எதிர்கொண்டு நிற்கிறது. அதன் மேல் கட்டைவிரலின் அடி எலும்பு, அதாவது முதல் உள்ளங்கை எலும்பு, உட்கார்ந்திருக்கிறது. இரண்டின் பரப்பும் ஒரு திசையில் குழிந்தும் குறுக்குத் திசையில் புடைத்தும் இருக்கும். ஒரு குதிரைச் சேணத்தின் மேல் இன்னொன்றைக் குறுக்காகக் கவிழ்த்தால் எப்படியோ அப்படி. சேண மூட்டு என்று பள்ளிப் புத்தகத்தில் படிப்பது இதைத்தான். கட்டைவிரல் முன்னும் பின்னும் போகிறது, பக்கவாட்டில் விரிகிறது, மற்ற விரல் நுனிகளைத் தொட வரும்போது தன் அச்சிலேயே சற்றுத் திரும்பவும் செய்கிறது.

இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை ஆழமான கிண்ணத்துக்குள் பத்திரமாக இருக்கும். இங்கே கிண்ணமே இல்லை. பரப்புகள் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்துவதும் சில நிலைகளில் மட்டும்தான். மூட்டுறை தளர்வானது. எலும்பை எலும்போடு கட்டும் இணைப்பு நார்களும், சுற்றியுள்ள சிறு தசைகளும்தான் அதை இடத்தில் பிடித்து வைக்கின்றன. நார் தளர்ந்து, தசையும் சமநிலை இழந்தால் அடி எலும்பு தன் இருக்கையிலிருந்து வெளிப்பக்கம் வழுக்கத் தொடங்கும். அந்த அம்மாவின் கையில் தெரிந்த புடைப்பு அதுதான். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இந்த மூட்டுத் தேய்மானம் அதிகம் காணப்படுகிறது.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. மூட்டுறையின் உள்சவ்வு சுரக்கும் திரவம்தான் அதற்கு வழுவழுப்பும் உணவும் தருகிறது. அழுத்தும்போது குருத்தெலும்பிலிருந்து நீர் வெளியேறும், விட்டதும் திரும்ப ஊறும். இந்த ஏற்ற இறக்கம் இருந்தால்தான் அதற்குச் சத்து போய்ச் சேரும். ஆக, மூட்டை அசைக்காமல் முடக்கிப்போடுவதும் கெடுதல், விடாமல் ஒரே நிலையில் அழுத்திக்கொண்டிருப்பதும் கெடுதல். நரம்பு இல்லாததால் குருத்தெலும்பு வலிக்காது. வலி வருவது சவ்வு, உறை, நார், அடியில் உள்ள எலும்பு ஆகியவற்றிலிருந்து. எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் கை வலியில்லாமல் வேலை செய்வதும், லேசாகத் தேய்ந்த கை தூங்கவிடாமல் படுத்துவதும் இதனால்தான்.

இன்னொன்று, விசைக் கணக்கு. கூனி, சாவோ என்ற ஆய்வாளர்கள் 1977இல் வெளியிட்ட கணக்கின்படி, கட்டைவிரல் நுனியில் 1 கிலோ விசையோடு கிள்ளினால் நுனி மூட்டில் சுமார் 3 கிலோவும், நடு மூட்டில் 5.4 கிலோவும், அடிமூட்டில் 12 கிலோவும் அழுத்தம் விழுகிறது. தசைகள் மூட்டுக்கு மிக அருகில் ஓடுவதால், நுனியில் சிறிது விசை கிடைக்க அவை பல மடங்கு இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பு மொத்தமும் அடிமூட்டை நசுக்குகிறது. முடிச்சுக்கு அரைக் கிலோ விசைதான் தேவை என்று வைத்துக்கொண்டாலும் அடியில் 6 கிலோ. அதுவும் ஒவ்வொரு புள்ளிக்கும்.

வேலையைப் பார்த்தது

வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு இடது கட்டைவிரலில் ஏன் வலி என்ற கேள்வி இருந்துகொண்டே இருந்தது. “என்ன வேலை செய்றீங்க?” என்று கேட்டு “சுங்குடி கட்டுறேன்” என்ற பதிலை எழுதிக்கொள்வதில் பயனில்லை. அடுத்த முறை துணியையும் நூலையும் கொண்டுவரச் சொன்னேன்.

பாயை விரித்துத் தரையில் உட்கார்ந்து, துணியை மடியில் போட்டு ஆரம்பித்தார். வலது கைதான் வேகமாக ஓடுகிறது. நூலைச் சுற்றுவது, இழுப்பது எல்லாம் அதுவே. பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். இடது கையோ அசைவதே இல்லை. கட்டைவிரல் நகமும் ஆள்காட்டி விரலும் துணியின் நுனியைக் கிள்ளியபடி, நூல் இறுகும்வரை பிடித்திருக்கின்றன. விட்டு, ஒரு அரை விரற்கடை நகர்ந்து, மறுபடி கிள்ளுகின்றன. அசையும் கைக்கு ஓய்வு நடுநடுவே தானாகக் கிடைக்கிறது. பிடிக்கும் கைக்கு அது இல்லை.

குனிந்து கிட்டத்தில் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. நூல் இறுகும் தருணத்தில் கட்டைவிரலின் நடு மூட்டு பின்பக்கமாக வளைந்தது. அடி எலும்பு உள்ளங்கைக்குள் இழுபட்டு, நடு மூட்டு பின்னுக்குப் போய், நுனி மடங்கி, விரலே கோணல்மாணலாக நின்றது. இந்த நிலையில் அடி எலும்பின் மணிக்கட்டு முனை வெளிப்பக்கம் நெம்பப்படுகிறது. செல்போனில் படம் எடுத்து அவரிடம் காட்டினேன். “என் வெரலா இது?” என்று இரண்டு மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருமகளும் எட்டிப் பார்த்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, வேலையை நிறுத்தச் சொல்வதில்லை என்பது. அந்த அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார்: “வேலையை விடச் சொல்லாதீங்க தம்பி, மத்ததெல்லாம் சொல்லுங்க, செய்றேன்.” நிறுத்தச் சொன்னால் வேலையை விடமாட்டார், எங்களைத்தான் விடுவார். மருத்துவக் கணக்கிலும் மூட்டு முழு ஓய்வைக் கேட்கவில்லை. நெம்பல் இல்லாத அசைவைத்தான் கேட்கிறது. கூலியும், கற்ற கைத்தொழிலும், தெருவில் அவருக்கு இருக்கும் மதிப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை அலட்சியப்படுத்தி எழுதும் ஆலோசனைச் சீட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வலி மாத்திரையை மருத்துவர் நிறுத்தினார். சர்க்கரை உள்ளவர் மாதக்கணக்கில் அதை எடுத்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. வயிறு ஏற்கெனவே புகார் சொல்லிவிட்டது. தோலுக்கு அடியிலேயே இருக்கும் சிறு மூட்டு என்பதால் மேலே தடவும் வலி ஜெல் போதும் என்று எழுதினார். ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி மகன் கேட்டார். அதன் பலன் இந்த மூட்டில் பெரும்பாலும் தற்காலிகம்தான், சர்க்கரை உள்ளவருக்குச் சில நாட்கள் அளவு ஏறவும் செய்யும். மற்றவற்றைச் செய்து மூன்று மாதம் பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்று மருத்துவர் தள்ளிவைத்தார்.

அடுத்தது ஸ்பிளிண்ட். மணிக்கட்டும் விரல் நுனியும் அசையும்படி விட்டு, அடிமூட்டை மட்டும் பிடிக்கும் சிறிய ஒன்றை, வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக்கில் கைக்கேற்ப வார்த்துக் கொடுத்தோம். இரவிலும் சமையல் வேலையிலும் போட வேண்டும்.

பயிற்சி. சுருங்கிய இடைவெளியில் இருக்கும் தசை கட்டைவிரலை உள்ளே இழுக்கும் பலசாலி. முதலில் அதைத் தளர்த்த வேண்டும். துணி காயப்போடும் கிளிப்பை அந்தச் சதையில் மாட்டி ஒரு நிமிடம் வைத்திருப்பது எளிய வழி. அதன் பிறகு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் டம்ளரைப் பிடிப்பது போல வளைத்து வைத்து, ஆள்காட்டி விரலை ரப்பர் பேண்டுக்கு எதிராக வெளிப்பக்கம் தள்ளுவது. இரண்டு விரல்களுக்கும் நடுவே புறங்கையில் புடைக்கும் தசை இதில் வேலை செய்கிறது. அது சுருங்கும்போது அடி எலும்பை ஆள்காட்டி விரல் பக்கம் இழுத்து அதன் இருக்கையில் உட்கார வைக்கும். வெளிப்பக்க வழுக்கலுக்கு உடம்பிலேயே இருக்கும் எதிர்விசை அது. வலி வரும் அளவுக்குச் செய்யக் கூடாது, தினமும் செய்ய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

கடைசியாக, பிடி. விரல்களை வட்டமாக வளைத்து, நடு மூட்டைச் சற்று மடக்கிக் கிள்ளப் பழகுவது. இடது முழங்கைக்கு அடியில் தலையணை. ஒரு வரிசை முடிந்ததும் கையை விரித்து உதறிவிட்டு அடுத்த வரிசை.

தொடர்ந்து நடந்தது

ஸ்பிளிண்ட் முதலில் தோற்றது. அரிசி களையும்போது உள்ளே தண்ணீர் புகுந்து தோல் ஊறிப்போனது. கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். இரவில் மட்டும் போட்டார். சமையலுக்கு, ஈரமானாலும் சீக்கிரம் காயும் நியோப்ரீன் துணியில் ஒன்று தைத்துக் கொடுத்த பிறகுதான் பகலிலும் கையில் ஏறியது.

பிடியை மாற்றுவது இன்னும் கடினம். நாற்பது ஆண்டுக்கும் மேலாகப் பழகிய கை. பேசிக்கொண்டே கட்டினால் விரல் பழைய கோணலுக்குப் போய்விடும். இதற்கு ஒரு யோசனை மருமகளிடமிருந்து வந்தது. அவர் ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்பவர். “ஆரி ஊசி நுனில கொக்கி இருக்குல்ல, அதுல துணியைத் தூக்குனா நகத்தால கிள்ள வேண்டாமேத்தே” என்றாராம். நுனியை மழுங்கத் தேய்த்து, ஒரு மரக்கட்டையில் நட்டு, துணியை அதில் மாட்டித் தூக்கிக் கட்டிப் பார்த்தார்கள். கைவலி உடனே குறைந்தது. ஆனால் புள்ளிகள் ஒரே அளவில் வரவில்லை. நகம் தூக்கும் துணியின் அளவு கொக்கிக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவே மாதிரித் துண்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, “இதக் கடைக்குக் குடுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். இரண்டு பேரும் பேசி முடிவுசெய்தது இது: கரைப் பக்கம் வரும் பெரிய புள்ளிகளுக்குக் கொக்கி, உடல் பகுதியில் நகம். மொத்தக் கிள்ளலில் ஒரு பங்கு குறைந்தது. அந்தத் தீர்ப்பில் நான் தலையிடவில்லை. புள்ளியின் தரம் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

வீட்டில் குக்கர் மூடி திறப்பதையும் துணி பிழிவதையும் மகன் எடுத்துக்கொண்டார். தேங்காய் துருவுவதை மட்டும் அந்த அம்மா விட்டுக்கொடுக்கவில்லை.

விளைவு

ஆறு வாரத்தில் இரவு வலி போய்விட்டது. மூன்று மாத முடிவில், வேலை நேர வலி பத்துக்கு ஏழு என்று இருந்தது மூன்றாக இறங்கியது. நுனிக் கிள்ளலின் விசை 2.5 கிலோவிலிருந்து 3.5 கிலோவானது. டம்ளரை முழுதாக வளைத்துப் பிடிக்க முடிகிறது. அடியில் உள்ள புடைப்பு அப்படியேதான் இருக்கிறது. தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தோம். ஊசி தேவைப்படவில்லை. ட்ரபீசியத்தை எடுத்துவிடும் அறுவைச் சிகிச்சை முற்றிய நிலைக்கு உரியது. அந்தப் பேச்சுக்கு இப்போது இடமில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் முடிக்கும் புடவைகள் முன்பைவிடக் குறைந்திருக்கின்றன. நடுநடுவே கையை விரித்து ஓய்வு கொடுப்பதற்கு நேரம் பிடிக்கிறது, கூலியோ புடவைக்குத்தான். கடைக்காரரிடம் மகன் பேசி, முன்பணமும் கொஞ்சம் கூடுதல் அவகாசமும் வாங்கினார்; கூலி ஏறவில்லை. கல்யாண மாதத்தில் அவசர ஆர்டர் ஒன்றை எடுத்துக் கட்டியபோது ஒரு வாரம் வலி திரும்பியது. அப்போது மருந்துக்கடைக்குப் போகாமல், ஸ்பிளிண்ட் போட்டு, ஜெல் தடவி, வேலையை இரண்டு வேளையாகப் பிரித்துத் தானே சமாளித்துவிட்டார்.

அடுத்து இப்படி ஒருவர் வந்தால்

கைவேலை செய்பவர் யார் வந்தாலும் முதல் சந்திப்புக்கே வேலைப் பொருளைக் கொண்டுவரச் சொல்கிறோம். பூக்கட்டுபவர் என்றால் நாரும் பூவும், தையல்காரர் என்றால் கத்தரியும். எந்தக் கை அசைகிறது என்பதோடு எந்தக் கை பிடிக்கிறது என்பதையும் தனியாகக் குறித்துக்கொள்கிறோம். செல்போன் படம் சோதனையின் ஒரு பகுதியாகிவிட்டது. தன் விரல் பின்னால் வளைவதைப் பார்த்தவருக்குப் பயிற்சியை விளக்கப் பாதி நேரம் போதும்.

ஸ்பிளிண்ட் கொடுக்கும்போது இரண்டாகக் கொடுப்பது நல்லது. இரவுக்கு உறுதியானது, தண்ணீர் புழங்கும் வேலைக்கு மென்மையானது. வீட்டில் அதே மாதிரி கைவேலை தெரிந்த இன்னொருவர் இருந்தால் அவரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். ஆரி ஊசி யோசனை எங்கள் யாருக்கும் தோன்றியிருக்காது.

மருமகளின் கைகளையும் பார்த்தேன். 31 வயது, வலி இல்லை. ஆனால் ஆரிச் சட்டத்துக்கு அடியில் நூலைப் பிடிக்கும் இடது கட்டைவிரல் நடு மூட்டில் லேசாகப் பின்னால் வளைகிறது. ரப்பர் பேண்டு பயிற்சியை அவருக்கும் கொடுத்திருக்கிறோம். ஆறு மாதம் கழித்து இருவரும் சேர்ந்து வருவதாக ஏற்பாடு.